அக்காவைக் கோயில் பக்கம் திரும்பச் சொன்னேன்

லேடாங் மலையை அந்திவேளையில் படமெடுக்கப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். சூரியனைத் தேடிப் போய் நிற்பார்கள். மலாக்காவிலிருந்து பார்த்தால் மலை கிழக்கே இருக்கிறது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கடல் பக்கம் இறங்கும். நாம் பார்க்க வேண்டியது சூரியனை அல்ல, அது போகிறபோது மலைமேல் பூசிவிட்டுப் போகும் நிறத்தை. முதலில் சாம்பல். பிறகு காய்ந்த செங்கல். மத்தியானம் மழை பெய்து புகைமூட்டம் கரைந்த நாளாக இருந்தால் மாதுளை முத்தின் நிறம். அதன்பின் அடிவாரத்திலிருந்து இருட்டு மெல்ல மேலே ஏறும். உச்சி மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் எரிந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கே போகாதவர், இப்போது ஒரு கிடங்கில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்க்கிறார். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அக்கா படிவம் மூன்றோடு, ஒன்பது வருடப் படிப்போடு, பேக்டரிக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படிப்பேன். பாரங்களை நான்தான் நிரப்புவேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஆங்கிலத்தில் நான்தான் பேசுவேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எந்த வயதில் எனக்குள் வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. ஆனால் காலை நீட்டி நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.

கேமராவை வாங்கித் தந்தது அக்கா. யூனியில் புகைப்படக் கழகத்தில் சேர்ந்து இரவல் கேமராவோடு அலைந்துகொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் பழைய கேமரா ஒன்று இருந்தது, லென்ஸ் மூடியில் யாரோ ஒருவரின் பெயர் கீறப்பட்டு. "பேக்டரியில கூட வேல செய்யுற சீனத்தி வித்தா. நல்லதா கெட்டதான்னு எனக்கு என்னா தெரியும்? நீதான் சொல்லணும்," என்றாள் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று.

நாங்கள் பிறந்த தோட்டம் ஜாசின் பக்கம் இருக்கிறது. எங்கள் குடும்பம் புக்கிட் காத்திலில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் நிற்கிறது. வயதான செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோது கோயிலுக்கு வடக்கே இருந்த மேடு மொட்டையானது. அங்கே ஏறி நின்றால், நாங்கள் குடியிருந்த காலத்தில் ஒரு நாளும் கண்ணில் படாத மலை முழுசாகத் தெரிந்தது. கன்றுகள் ஆள் உயரம் வளர்கிறவரைதான் அந்தக் காட்சி. அதனால் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாரந்தோறும் போனேன். அக்காவுக்குக் காலை ஷிப்டாக இருந்தால் அவளுடைய மோட்டார்சைக்கிளிலேயே போவோம்.

மலையைத் தனியாக எடுத்தால் அது எவ்வளவு பெரியது என்று படத்தில் தெரியாது. அருகே ஓர் ஆள் வேண்டும், சிறியதாக. செம்மண் பாதை வளைகிற இடத்தில் அக்காவை முதுகு காட்டி நிற்க வைப்பேன். "இன்னும் ரெண்டு எட்டு இடது. கைய ஆட்டாத," என்று மேட்டிலிருந்து கத்துவேன். அவளும் பதிலுக்குக் கத்துவாள்: "என் வேல என்னான்னு யாராச்சும் கேட்டா, மலைக்கு அளவுகோல்னு சொல்லிக்கவா? ஐசி அடையாளக் கார்டுலயும் அப்படியே எழுதிரு லா!"

அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பாள். முகம் ஒன்றிலும் இல்லை.

அக்காவின் இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு மச்சம் இருந்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை இறங்கும், நாவற்பழக் கறை போன்ற நிறம். அம்மா அவளைச் சுமந்திருந்தபோது ஒரு கிரகணத்தன்று வெளிக்காட்டில் மருந்தடிக்கப் போனதாகவும், அதனால் வந்தது என்றும் தோட்டத்தில் சொல்வார்கள். அம்மா அதை இன்றும் நம்புகிறார். மச்சத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அம்மாதான் தலையைக் குனிந்துகொள்வார், அக்கா அல்ல. அக்கா அதை மறைக்கப் பவுடர் பூசி நான் பார்த்ததில்லை.

ஒரே ஒருமுறை அது மறைக்கப்பட்டது, அவளைக் கேட்காமல். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் படம்தான் போகிறது. வரன் பார்த்துத் தரும் ஓர் ஆன்டி இருக்கிறார். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் எல்லாரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய போனில் குறைந்தது முந்நூறு பெண்கள் திரைச்சீலைக்கு முன்னால் சேலை கட்டி நிற்கிறார்கள். அக்காவும் ஸ்டூடியோவுக்குப் போய் அப்படி ஒரு படம் எடுத்தாள். ஸ்டூடியோக்காரர் வழக்கப்படி 'டச்சப்' செய்தார். மச்சம் காணாமல் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, படத்தில் வேறு மாதிரி இருந்தாளே என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதற்குப்பின் இரண்டு வருடம் அக்கா படம் எடுக்க ஒப்புக்கொள்ளவே இல்லை.

பிறகு மஸ்ஜித் தானாவிலிருந்து ஒரு வரன் வந்தது. லோரி ஓட்டுகிறவர், அக்காவைவிட நான்கு வயது மூத்தவர். அவருடைய படத்தை அத்தை முதலில் அனுப்பியிருந்தார். லோரி டயர்மேல் ஒரு காலை வைத்து, கையில் வாளியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கி நின்றார். முன்மண்டை முழுக்க வழுக்கை.

அக்கா அந்தப் படத்தைச் சோறு வடிக்கும்போதும் பார்த்தாள்.

"எல்லாரும் தொப்பி போட்டு எடுப்பாங்க. இவரு பாரு, வழுக்கைய அப்படியே அனுப்பிட்டாரு," என்றாள். "நானும் அப்படித்தான் அனுப்பணும். நீயே எடு. மச்சம் நல்லா தெரியணும். பாத்துட்டு வேணாம்னா அங்கேயே வேணாம்னு சொல்லிரட்டும். வீட்டுக்கு வந்து கேசரி தின்னுட்டு சொல்லக் கூடாது."

"ஸ்டூடியோ திரையெல்லாம் வேணாங்கா. மேட்டுல எடுப்போம். மலையோட," என்றேன்.

"மலை எதுக்கு? நான்தான கல்யாணம் பண்ணிக்கப் போறேன்?"

ஆனாலும் வந்தாள். மயில் கழுத்து நிறச் சேலையில் மோட்டாரில் உட்கார்ந்து, முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டு. அன்று மூன்று மணிக்குப் பெரிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல் இருந்தது. நான் எத்தனையோ வாரமாகக் காத்திருந்த வெளிச்சம் அது.

முதல் படத்துக்கு அவள் என்னைப் பார்த்து நின்றாள். என் முதுகுக்குப் பின்னாலிருந்த சூரியன் நேராக அவள் முகத்தில் அடித்தது. கண் கூசிச் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் நான் அழுத்திவிட்டேன். நெற்றி வெளுத்துப் போயிருந்தது. என் நிழல் நீளமாக அவள் காலடிவரை வந்து கிடந்தது. மலையின் உச்சி அவள் தலையிலிருந்து கொம்பு முளைத்தது போல் நின்றது. மச்சம் பளிச்சென்று தெரிந்தது. அவளிடம் காட்டினேன். "அய்யோ, மாடு மாதிரி கொம்பு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இது போதும். முகம் தெளிவா இருக்கு. இதையே அனுப்பு," என்றாள்.

"இரு, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

மலை சிவக்கத் தொடங்கியிருந்தது. அவளைப் பாதையின் வளைவுக்கு நகர்த்தினேன். கோயில் பக்கம் திரும்பச் சொன்னேன். கோயில் தெற்கே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது வலது கன்னம் எனக்குத் தெரிந்தது, இடது கன்னம் மலையைப் பார்த்துப் போய்விட்டது. வெளிச்சம் அவள் மூக்குத்தியிலும் கழுத்திலும் இறங்கியது. பின்னால் மலை மாதுளை நிறத்தில். கன்றுகளின் ஓலைகளில் மழைத்துளி. அப்படி ஒரு படத்தை அதற்கு முன் நான் எடுத்ததில்லை. பின்னும் எடுக்கவில்லை.

அவளிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "இது நான்தானா?" என்றாள். "இத நான் வெச்சுக்கிறேன். அவங்களுக்கு மொதல்ல எடுத்தத அனுப்பு, சரியா? மறந்துறாத."

"சரிக்கா," என்றேன்.

தேறாத படங்களை எடுத்த இடத்திலேயே அழித்துவிடுவது என் பழக்கம். கழகத்தில் மூத்தவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்துப் பழகியது. குப்பையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். அக்கா மோட்டாரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது நான் மேட்டில் நின்றபடி அன்றைய படங்களைப் புரட்டினேன். கொம்பு முளைத்த படம் வந்தது. விரல் தானாகவே அழுத்தியது. யோசித்தேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். யோசித்ததாக நினைவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் அக்கா ஷிப்டில் இருந்தபோது அத்தைக்கு இரண்டாவது படத்தை அனுப்பினேன். முதல் படம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லி வேறொன்று எடுத்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு என் படத்தின்மேல் நம்பிக்கை இருந்தது. இந்த அழகைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்துவிட்டால், அக்காவோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டால், மச்சம் யார் கண்ணில் படப்போகிறது? படிக்காத ஸ்டூடியோக்காரர் செய்தது ஏமாற்று வேலை, நான் செய்வது கலை. அப்படித்தான் எண்ணினேன்.

அத்தை உடனே குரல் பதிவு அனுப்பினார். "அலாமாக், சினிமா மாதிரி இருக்கு டி! இதப் பாத்துட்டு எவன் வேணாம்னு சொல்லுவான்?"

மாலையில் அக்கா கேட்டாள், "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"வர்றாங்களாம், அடுத்த வாரம் ஞாயிறு."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். "மச்சத்தப் பாத்துட்டும் வர்றாங்களா?" என்றாள். என்னிடம் கேட்பது போலவும் இல்லை. நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த ஞாயிறுவரை இருந்த ஒன்பது நாளும் அக்கா எப்படி இருந்தாள் என்பதை விவரமாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. வாசல் கதவுக்குச் சாயம் அடித்தாள். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். குளிக்கும்போது பாடினாள். இவ்வளவு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இன்னும் இரண்டு பேர், கூடவே அத்தை. அப்பா வேலைக்கு லீவு போட்டு இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். "தேத்தண்ணி கலக்கிட்டியா?" என்று அம்மா உள்ளே வந்து நான்காவது முறையாகக் கேட்டார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எந்தப் பயமும் இல்லாமல், நிமிர்ந்து போனாள். அவர்களுக்குத் தெரியும் என்று நம்பித்தானே போகிறாள்.

மாப்பிள்ளையின் அம்மா கிளாஸை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தை. தம் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தூரத்தில் பிடித்து என் படத்தைப் பார்த்தார்.

"போட்டோ யாரு எடுத்தது?"

"இவங்க தங்கச்சிதான். யூனியில படிச்சவ," என்றார் அத்தை.

"கெட்டிக்காரிதான். எந்தப் பக்கம் காட்டணும்னு நல்லா தெரியுது."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு ஒன்று புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல் பார்த்தாள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேசரியை யாரும் தொடவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் நான் போய் நின்றேன். அவரே பேசினார், சாலையைப் பார்த்துக்கொண்டு.

"மச்சம் ஒண்ணும் பெரிய விசயம் இல்லங்க. எனக்கே மண்டையில முடி இல்ல. ஆனா மறைச்சிட்டாங்கன்னு எங்கம்மா மனசுல விழுந்திருச்சு. இனிமே நான் என்னா சொன்னாலும் எடுபடாது."

வேன் போன பிறகு திரும்பினேன். அக்கா, தான் சாயமடித்த கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் மாலை அத்தை போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்குறான், வீணாப் போகுதே, சாயாங் லா. அம்மாக்காரிதான் குதிக்குது. நான் ஒரு வழி சொல்றேன். அன்னிக்கே முகம் தெரியுற மாதிரி வேற படம் எடுத்தீங்களா? அதே சேல, அதே மலை? இருந்தா குடுங்க. அதையும்தான் குடுத்தாங்க, நான்தான் மாத்தி அனுப்பிட்டேன்னு பழிய என் தலையில போட்டுக்கிறேன்."

அக்காவின் முகம் வெளிச்சம் பட்டது போல் மாறியது. "இருக்கு அத்த! மொதல்ல எடுத்தது இருக்கு. நான் அதத்தான் அனுப்பச் சொன்னேன்," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "கொம்பு வெச்ச படம். எடு, எடு."

நான் எழுந்து போய்க் கேமராவை எடுத்து வந்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டே எடுத்து வந்தேன். அதைத் திறந்து, பொத்தான்களை அழுத்தி, தேடுவது போல் தேடினேன். இதற்கிடையில் கார்டை இரண்டு தடவை முழுசாக அழித்துவிட்டு வேறு படங்கள் எடுத்திருந்தேன். மலை, மலை, மலை. அக்கா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"இல்லக்கா," என்றேன். "அன்னிக்கே அழிச்சிட்டேன்."

அம்மா போனை வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதும் ஒரு யோசனை வந்தது. எப்போதும் வந்துவிடும். "இன்னிக்கும் மழ விட்டிருக்கு. அதே சேலையக் கட்டுக்கா. ஏழு மணிக்குள்ள போயிட்டா அதே வெளிச்சம் கிடைக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அக்கா சமையலறைக்குள் போய் முந்தின நாள் கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவியவைதான். நான் பின்னாலேயே போனேன்.

"இப்ப போயி, அன்னிக்கு நின்ன மாதிரி நிக்கணுமா?" என்றாள், திரும்பாமல். "நான் நிக்க மாட்டேன்."

"அக்கா, படம் நல்லா இல்லன்னுதான் அழிச்சேன். வெளிச்சம் சரியில்ல, மலை தலையில..."

"அப்படின்னா சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னொரு தடவ நின்னிருப்பேனே. உனக்காக எத்தன தடவ நின்னிருக்கேன்."

கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கும் அசிங்கமா இருந்துச்சா?"

இல்லை என்று உடனே சொன்னேன். உரக்கச் சொன்னேன். அழுதுகொண்டும் சொன்னேன். அவள் என் கன்னத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டு, "சரி விடு. போய்ச் சாப்பிடு," என்றாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது வேறு பதில் வைத்திருக்கிறேன். எத்தனையோ மாலைகள் அவளை முதுகு காட்டி நிற்க வைத்தேன். மலையின் அளவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் பாதைவழியே நடந்து என்னை நோக்கி வரச் சொல்லி ஒரு படம்கூட எடுக்க ஏன் எனக்குத் தோன்றவில்லை? முகத்தைப் பற்றி அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லாதபோது, அவளுக்கும் சேர்த்து நான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோக்காரராவது ஒருமுறைதான் மறைத்தார்.

அந்த மாப்பிள்ளை அதே வருடம் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அத்தை சொல்லித் தெரிந்தது. அக்கா ஜொகூரில் உள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பேக்டரி பஸ் காலையில் வந்தது. பெரிய பையை நான் தூக்கிக் கொடுத்தேன். "அம்மாவோட மருந்துச் சீட்ட நீதான் படிச்சுப் பாக்கணும். எனக்குப் புரியாது," என்றாள். அதே அன்பான குரல்தான். இப்போதும் போனில் அந்தக் குரலில்தான் பேசுகிறாள். சாப்பிட்டியா, வேலை எப்படி, அங்கே மழையா. முன்பெல்லாம் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பாள். இப்போது சொல்வதில்லை. நான் எடுத்த படம் அவளிடம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் அம்மா தம் போனை என்னிடம் நீட்டினார். ஜொகூரில் யாரோ ஒரு வரன் சொல்லியிருக்கிறார்களாம். அக்கா தன்னைத்தானே ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஹாஸ்டல் அறை. தலைக்கு மேலே டியூப் லைட். போன் சாய்ந்திருந்ததால் பின்னாலிருந்த இரும்பு அலமாரியும் சாய்ந்திருந்தது. அலமாரிமேல் துண்டு காய்ந்தது. படத்தின் நடுவில் அவள் முகம், நேராக. இடது கன்னம் கொஞ்சம் முன்னால்.

சிரிக்கவில்லை. கேமராவைப் பார்க்கும் கண்ணில் யாரையும் கேட்காத ஒரு நிதானம் இருந்தது.

அந்தத் துண்டை வெட்டிவிடலாம், அலமாரியை நேராக்கலாம், முகத்தை இடப்பக்கம் நகர்த்தினால் நன்றாக இருக்கும் என்று என் கண் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. என்னால் அதை நிறுத்த முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எதுவானாலும் நான்தானே பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கால்ல?" என்றார் அம்மா. "அனுப்பிட்டாளாம். உன்னக் கேக்க வேணாம்னு சொன்னா. நான்தான் மனசு கேக்காம காட்டுறேன்."

"நல்லா இருக்காம்மா," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.